திகில் கதைக்கு ஜாமீன் வாங்காதீர்கள்

திகில் புனைவையும் சமய நம்பிக்கையையும் ஒரே மேடையில் பேச வைத்த கூடுகையின் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

நிகழ்ச்சி முடிந்ததும் நீங்கள் நீட்டிய கருத்துப் படிவத்தில் 'நன்று', 'மிக நன்று', 'மேம்பட வேண்டும்' என்று கட்டங்கள் இருந்தன. எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. இத்தகைய சிறு கூடுகைகளை நடத்துகிறவர்களும் நடத்த நினைக்கிறவர்களும் படிக்கட்டும் என்பதால் இதைத் தனிக் கடிதமாக அனுப்பாமல் திறந்த மடலாக எழுதுகிறேன். நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன். பேய்க்கதைகளையும் விடாமல் படிக்கிறவன். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் முகம் சுளிக்காத மனிதர்கள் இருக்கும் அரங்கு ஒன்றை நீங்கள் அமைத்ததற்கு முதலில் நன்றி.

கூடுகை சிறியதாக இருந்ததே அதன் பெரிய பலம். ஒரே அரங்கு, ஒரே நிரல். எல்லாரும் எல்லா அமர்வுகளையும் கேட்டார்கள். அதனால் மேடையில் அறுந்த பேச்சு இடைவேளையில் புத்தக மேசையருகே தொடர்ந்தது. வழிபாடு நடத்துவதையே பணியாகக் கொண்ட ஒருவரும், அப்படிப்பட்ட இடங்களின் பக்கமே போவதில்லை என்று முடிவெடுத்துவிட்ட ஒருவரும் ஒரே சிறுகதையைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்ததை வேறெங்கே பார்க்க முடியும்? அடுத்த முறை இணை அமர்வுகள் வைக்கும் எண்ணம் இருப்பதாக மேடையில் சொன்னீர்கள். தயவுசெய்து வேண்டாம். இரண்டு அறைகள் ஆனால் நம்புகிறவர்கள் ஓர் அறைக்கும் நம்பாதவர்கள் இன்னோர் அறைக்கும் போய்விடுவார்கள்.

இனி, குறை.

தொடக்க அமர்வின் தலைப்பு 'நம்பிக்கையாளர் திகில் கதை படிக்கலாமா?' என்பது. மேடையில் இருந்த அத்தனை பேரும் 'படிக்கலாம்' என்றார்கள். அத்தனை பேரும் ஒரே காரணத்தையும் சொன்னார்கள்: தீமையை இருட்டாகக் காட்டினால்தான் நன்மையின் ஒளி தெரியும், முடிவில் வெல்வது நன்மையே, ஆகவே பயமில்லை. அவையில் இருந்தவர்கள் ஏற்கெனவே படிக்கிறவர்கள். படிக்கிறவர்கள் என்பதால்தான் வந்திருந்தார்கள். யாரிடம் இந்த வாதம்? வராதவர்களிடம். திகில் கதையைக் கூண்டில் நிறுத்தி, இல்லாத நீதிபதி முன்னால் அதற்கு நற்சான்று வாசித்துக்கொண்டிருந்தோம். தொடக்கத்தில் ஏறிய அந்தத் தொனி கடைசிவரை இறங்கவில்லை.

இது என்றோ தீர்ந்துபோன வழக்கு. 1895ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸுக்கு ஒரு கதைக் கரு கிடைத்தது. கெட்ட வேலைக்காரர்களின் ஆவிகள் குழந்தைகளைத் தேடி வரும் கதை. 1898இல் அது 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' ஆயிற்று. கருவைச் சொன்னவர் எட்வர்ட் வைட் பென்சன். ஆங்கிலத் திருச்சபையின் உச்சியில் இருந்த கேன்டர்பரி பேராயர் அவர். அவருடைய மகன்கள் மூவரும் பேய்க்கதை எழுதினார்கள். அவர்களில் ஒருவர் கத்தோலிக்கக் குருவாகவும் ஆனார். எம். ஆர். ஜேம்ஸ் ஒரு பாதிரியாரின் மகன். கிறிஸ்துமஸ் காலத்தில் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் நண்பர்களைக் கூட்டி, தான் எழுதிய பேய்க்கதைகளை வாசித்துக்காட்டியவர். இவர்களில் யாரும் அனுமதி கேட்டு நின்றதாகத் தெரியவில்லை. பேராயரே கதை சொல்லலாம் என்றால், நாம் படிக்கலாமா என்று ஒரு முழு அமர்வு எதற்கு?

நேரம் வீணானது மட்டும் என் வருத்தம் அல்ல. 'முடிவில் நன்மை வெல்லும்' என்ற சாவியைக் கையில் வைத்துக்கொண்டு திறந்தால், இந்தக் கதைகளின் முக்கியமான அறைகள் திறக்காது. 'டிராகுலா' அமர்வையே எடுத்துக்கொள்வோம். சிலுவை, நற்கருணை அப்பம் (திருப்பலியில் கிறிஸ்துவின் உடலாகக் கருதப்படுவது), பூண்டு என்று ஆயுதப் பட்டியல் வந்தது. எது எதை விரட்டும் என்று பேசினார்கள். 1897இல் வந்த அந்த நாவலில் இருப்பது அதைவிடச் சங்கடமானது. ரத்தம் குடிக்கும் டிராகுலாவின் கோட்டைக்குப் புறப்படும் ஜோனதன் ஹார்க்கரின் கழுத்தில் விடுதிக்காரி ஒரு சிலுவையை மாட்டுகிறாள். ஹார்க்கர் ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்தவன். இத்தகைய பொருள்கள் ஓரளவு விக்கிரக வழிபாடு என்று அவனுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். மறுத்தால் அந்தக் கிழவியின் மனம் நோகுமே என்றுதான் வாங்கிக்கொள்கிறான். பிறகு அவனைக் காப்பாற்றுவது அவன் நம்பாத அந்தப் பொருள். இது யாருடைய நம்பிக்கையின் வெற்றி? அவனுடையதா, அவளுடையதா, வெறும் உலோகத்துடையதா? ஒரு நாள் முழுக்கப் பேசலாம்.

அதைவிடப் பெரிய இடம் ஹார்க்கரின் மனைவி மினாவின் நெற்றி. டிராகுலா அவளைத் தீண்டிய பிறகு, அவளைக் காப்பதற்காகவே, டிராகுலாவை வேட்டையாடும் பேராசிரியர் வான் ஹெல்சிங் நற்கருணை அப்பத்தை அவள் நெற்றியில் வைக்கிறார். அது அவள் தசையைச் சுட்டு உள்ளே இறங்குகிறது. தான் தீட்டுப்பட்டவள் என்று கதறுகிறாள் மினா. அவள் செய்த குற்றம் ஒன்றும் இல்லை. அவள் மீது குற்றம் நடந்திருக்கிறது. ஆனால் புனிதப் பொருள் ஆளைப் பார்க்கவில்லை, மாசை மட்டும் பார்த்தது. டிராகுலா அழிந்ததும் அந்தத் தழும்பு மறைந்துவிடுகிறது என்பது உண்மைதான். அதற்கு முன் எத்தனையோ பக்கங்கள் அவள் அந்தத் தழும்போடு நடமாட வேண்டியிருக்கிறது. தீங்கு இழைக்கப்பட்டவர்களையே தீட்டு என்று தள்ளிவைத்த சமயங்கள் எத்தனை! நம்பிக்கையும் திகிலும் உண்மையாகச் சந்திக்கும் இடம் இதுதான். உங்கள் அமர்வு பூண்டோடு நின்றுவிட்டது.

ஸ்டீபன் கிங்கின் 'சேலம்ஸ் லாட்' (1975) பற்றிய பேச்சிலும் இதுவே நடந்தது. ரத்தம் குடிக்கும் எதிரியின் முன்னால் கத்தோலிக்கக் குரு ஃபாதர் கலஹன் சிலுவையைத் தூக்கிப் பிடிக்கிறார், அது ஒளிர்கிறது. சிலுவையை எறிந்துவிட்டு வெறுங்கையோடு என்னை எதிர்கொள், உன் நம்பிக்கைக்கும் என் நம்பிக்கைக்கும் போட்டி வைப்போம் என்கிறது அந்த எதிரி. அவரால் எறிய முடியவில்லை. தயங்கும்போதே ஒளி மங்குகிறது. பேச்சாளர் இதை 'நம்பிக்கை இருந்தால்தான் சிலுவை வேலை செய்யும்' என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். எனக்கு அந்தக் காட்சி பயமூட்டுவது வேறு காரணத்தால். கலஹன் கடவுளை மறுக்கவில்லை. கையில் இருப்பதை விட முடியாமல் போனதுதான் அவருடைய வீழ்ச்சி. பிறகு தன் தேவாலயத்துக்குள் நுழையப் போகிறார், கதவே அவரைச் சுட்டு உதறிவிடுகிறது. தினமும் எதையாவது கையில் பற்றிக்கொண்டு வழிபடுகிற எவருக்கும் இது தன்னைப் பற்றிய கதை. ஆயுதக் கணக்கில் அதை எழுதினால் காணாமல் போய்விடும்.

நான் உங்கள் நிரலில் எதிர்பார்த்து ஏமாந்த ஒன்றைச் சொல்கிறேன். நம் மொழியிலேயே, ஒரு பௌத்தக் காப்பியத்துக்குள், இந்தக் கூடுகைக்கென்றே எழுதியது போல ஒரு கதை இருக்கிறது. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை. சாத்தனார் முதலில் சுடுகாட்டைக் காட்டுகிறார். செம்பஞ்சுக் குழம்பு பூசிய ஒரு பெண்ணின் பாதத்தை நரி கவ்விக்கொண்டு போகிறது. பூசிய சாயம் போகவில்லை, பாதம் போய்விட்டது. அந்த ஒரு விவரத்துக்காகவே அவரைத் திகில் எழுத்தாளர்களின் முன்வரிசையில் உட்காரவைக்கலாம். வழி தவறி அங்கே தனியே வந்துவிடும் சார்ங்கலன் என்ற சிறுவன், ஒரு பேய்மகள் பிணத்தின் தலையைக் கையில் ஏந்தி, கண்களைத் தோண்டித் தின்று கூத்தாடுவதைப் பார்க்கிறான். வீட்டுக்கு ஓடிவந்து, சுடலைப் பேய்க்கு என் உயிரைக் கொடுத்துவிட்டேன் என்று தாயிடம் சொல்லிச் சாகிறான்.

சாதாரணப் பேய்க்கதை இங்கே முடிந்துவிடும். சாத்தனார் இங்கேதான் தொடங்குகிறார். தாய் கோதமையும் அவள் கணவனும் பார்வை இழந்தவர்கள். அவள் மகனைத் தழுவி எடுத்துக்கொண்டு நள்ளிரவில் சுடுகாட்டு மதிலருகே போய்க் காவல் தெய்வமான சம்பாபதியை அழைக்கிறாள். உன் காவலில் உள்ள இடத்தில் என் பிள்ளையின் உயிரைத் தின்றது அணங்கா, பேயா என்று கேட்கிறாள். தெய்வம் வருகிறது. வந்து சொல்வது, அணங்கும் பேயும் உயிரை உண்பதில்லை, சிறுவனின் பேதைமையைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஊழ்வினை வந்து உண்டது என்பது. என் உயிரை எடுத்துக்கொண்டு அவன் உயிரைக் கொடு, பார்வையற்ற தகப்பனை அவன் காப்பாற்றுவான் என்கிறாள் தாய். அப்படி உயிருக்கு உயிர் மாற்ற முடியுமென்றால் மன்னர்களுக்காக உயிர் கொடுக்க ஆளில்லாமலா போயிற்று, இதோ இந்தக் காட்டில் அரசர்களின் சமாதிகள் எத்தனை பார் என்கிறது தெய்வம். தாய் விடவில்லை. தேவர்கள் வரம் தருவார்கள் என்று மறை சொல்கிறதே, அது பொய்யா என்கிறாள். சம்பாபதி சக்கரவாளத்து, அதாவது பௌத்தர் சொல்லும் பேருலகத்துத் தேவர்கள் எல்லாரையும் வரவழைத்து அவர்கள் வாயாலேயே 'எங்களாலும் முடியாது' என்று சொல்ல வைக்கிறாள். கோதமை மகனை ஈமத்தில் ஏற்றித் தானும் உயிர் விடுகிறாள்.

காப்பியம் வினைக் கொள்கையை நிலைநாட்டத்தான் இந்தக் கதையைச் சொல்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கொள்கையை நிலைநாட்ட ஒரு தாயை இத்தனை நேரம் வாதாட விட்ட கவிஞன் அவசரப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். பேய் போய்விட்டது. பேய் கொல்லவில்லை என்று தெய்வமே சொல்லிவிட்டது. அதன் பிறகுதான் பயம் கூடுகிறது. கூப்பிட்ட தெய்வம் வராவிட்டால் அது ஒரு வகை பயம். கூப்பிட்டதும் வந்து, அன்போடு நின்று, என்னால் முடியாது என்றால்? இந்தக் கேள்விக்கு முன்னால் ஆயுதப் பட்டியல் எந்த மூலைக்கு?

வேதநூல்களும் ஆறுதல் சொல்ல ஓடிவருவதில்லை. கீதையின் 11ஆம் அத்தியாயத்தில் அர்ஜுனன் கேட்டு வாங்கிய தரிசனத்தில், வீரர்கள் வாய்க்குள் விரைந்து போகிறார்கள், சிலர் தலை நொறுங்கிப் பல்லிடுக்கில் சிக்கித் தொங்குகிறார்கள். பார்த்தவன் பழைய உருவத்தையே காட்டும்படி கெஞ்சுகிறான். மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய முழுப் பிரதிகள், வெறும் கல்லறையைக் கண்ட பெண்கள் நடுங்கி ஓடி, பயத்தால் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்ற இடத்தோடு முடிகின்றன. ஆறுதலான தொடர்ச்சி பின்னால் வந்து சேர்ந்தது. காரைக்கால் அம்மையாரோ அழகான உடலை உதறிவிட்டுப் பேய் வடிவத்தையே வரமாகக் கேட்டு வாங்கி, தன்னைப் பேய் என்றே பாடலில் ஒப்பமிட்டுக்கொண்டவர். வற்றிய மார்பும் குழி விழுந்த வயிறும் நீண்ட பல்லுமாக ஆலங்காட்டுப் பேயை அவர் வருணிக்கும்போது அருவருப்பு துளியும் இல்லை. இறைவன் ஆடுவது அங்கே என்றால் அவருக்கும் அங்கேதான் வேலை. இவரை ஒரு அமர்வில் வைத்து, பக்திக்கும் திகிலுக்கும் என்ன தொடர்பு என்று பேச ஆரம்பித்தால் 'படிக்கலாமா' என்ற கேள்வியை நினைக்கவே எல்லாருக்கும் கூச்சமாகிவிடும்.

பேயோட்டுதல் அமர்வைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். பேய் பிடித்த ஒரு சிறுமியைப் பற்றிய, வில்லியம் பீட்டர் பிளாட்டியின் 'எக்சார்சிஸ்ட்' (1971) நாவலில் தொடங்கினீர்கள், நல்லது. பாதி வழியில் ஒருவர் எழுந்து தான் நேரில் பார்த்த பேயோட்டுதலை விவரிக்க, அவை கைதட்டியது. அதற்குப் பிறகு நாவல் திரும்பி வரவேயில்லை. புனைவில் வரும் சிறுமிக்கு என்ன நேர்ந்தாலும் அவளுக்கு வலிக்காது. அந்த மனிதர் சொன்னதில் இருந்தவர் எங்கோ உயிரோடு இருக்கும் ஒரு நோயாளியாக இருக்கலாம். அவர் கதையைச் சொல்லலாமா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் 1614ஆம் ஆண்டுச் சடங்கு நூலே பேயோட்டுவதற்கான விதிகளைத் தொடங்கும்போது, ஒருவரைப் பேய் பிடித்திருக்கிறது என்று எளிதில் நம்பிவிடாதே என்று குருவை எச்சரிக்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி ஆயரின் வெளிப்படையான சிறப்பு அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் அதைச் செய்யக் கூடாது. சடங்கை நடத்துகிறவர்களே இத்தனை தயங்கும் இடத்தில் நாம் கைதட்டினோம். அடுத்த முறை மனநல மருத்துவம் தெரிந்த ஒருவரும் அந்த மேடையில் இருக்கட்டும். நாவலின் முக்கியமான வாதத்தையும் யாராவது நினைவூட்டட்டும்: அந்தத் தீய ஆவியின் குறி பிடிக்கப்பட்ட சிறுமி அல்ல, சுற்றி நின்று பார்க்கிறவர்கள் என்கிறார் நாவலில் பேயோட்ட வரும் குரு ஃபாதர் மெரின். மனிதர் கேவலமானவர், கடவுளால் நேசிக்க முடியாதவர் என்று பார்க்கிறவர்களை நம்பவைப்பதே அதன் வேலை. கைதட்டும் அவையைப் பற்றிய வாதம் அது.

அன்றைய கூடுகையின் மிக முக்கியமான பேச்சை நீங்கள் வெட்டிவிட்டீர்கள். கேள்வி நேரத்தில் ஒரு பெண் எழுந்தார். சிறு வயதில் தனக்கு நரகத்தின் படங்களைக் காட்டி வளர்த்தார்கள் என்றார். கொதிக்கும் கொப்பரை, பெயர் எழுதிய ஏடு, எல்லாம். திகில் கதை படிக்க ஆரம்பித்த பிறகுதான் தூங்க முடிந்தது என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நெறியாளர், இது கேள்வியாக இல்லையே என்றார். மைக் அடுத்தவர் கைக்குப் போயிற்று. அடுத்தவர் தன் சொந்த நாவலின் சுருக்கத்தைச் சொல்லத் தொடங்கினார், அதைத் தடுக்க ஆளில்லை. (கேள்வி நேரத்தில் கேள்வி கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அது எல்லாக் கூடுகைகளுக்கும் பொதுவான சாபம்.)

அந்தப் பெண் சொன்னதை நான் இன்னும் யோசிக்கிறேன். கதையின் பயத்தை நாம் தேர்ந்தெடுக்கிறோம், வேண்டாமென்றால் புத்தகத்தை மூடிவிடலாம். குழந்தைக்குக் காட்டிய நரகத்துக்கு அட்டை கிடையாது, மூட முடியாது. பேய்க்கதை குழந்தைகளைக் கெடுக்கும் என்று எச்சரிக்கிற அதே வாய்கள் கொப்பரைப் படத்தை நீதிபோதனை என்று அழைத்திருக்கின்றன. நம்பிக்கையாளர்களாகிய நாம் திகில் எழுத்தாளர்களிடம் கணக்குக் கேட்கும் முன்னால் நம் வீட்டுக் கணக்கைப் பார்க்க வேண்டிய அமர்வு அது. அவரை அழைத்துத் தனி நேரம் கொடுங்கள், அவருக்கு விருப்பம் இருந்தால். மேடைக்கு வர மனமில்லாதவர்கள் போய் உட்கார ஓர் அமைதியான அறையும், எந்த அமர்வில் என்ன வரப்போகிறது என்று நிரலிலேயே ஒரு முன்குறிப்பும் இருந்தால் நல்லது. இவை செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.

நம்பாதவர்களை நீங்கள் விருந்தாளிகளைப் போல நடத்தினீர்கள். மரியாதை இருந்தது, இடம் இல்லை. கடவுள் இல்லை என்று சொல்லும் அந்தச் சிறுகதையாசிரியருக்குக் கிடைத்த கேள்விகள் எல்லாமே 'அப்படியென்றால் உங்களுக்குப் பேய் மட்டும் எப்படி?' என்ற வகை. அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட் எந்தக் கடவுளையும் நம்பாதவர். அவர் படைத்த பேருருவங்கள் மனிதரை வெறுப்பதில்லை. வெறுக்க வேண்டுமானால் முதலில் கவனிக்க வேண்டும், அவை நம்மைக் கவனிப்பதே இல்லை. யாரும் பார்க்கவில்லை என்பது அவருடைய பயம். யாரோ பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்பது என்னுடைய பயம். இப்படி இரு வகையாகப் பயப்படுகிறவர்களை எதிரெதிரே உட்காரவைத்துப் பட்டிமன்றம் நடத்தாமல், ஒரே கதையைக் கையில் கொடுத்து எந்த வரியில் பயந்தீர்கள் என்று கேட்டால் என்ன வரும் என்று பார்க்க எனக்கு ஆசை.

கதையைக் கையில் கொடுப்பது என்றேன். நாள் முழுக்கக் கதைகளைப் பற்றிப் பேசினோம், ஒரு பக்கம்கூட உரக்க வாசிக்கப்படவில்லை. பேச்சாளர்கள் கதைச் சுருக்கம் சொல்வதற்கே பாதி நேரம் போயிற்று. அடுத்த முறை தொடக்க அமர்வை நீக்கிவிட்டு அந்த நேரத்தை வாசிப்புக்குக் கொடுங்கள். இருட்டிய பிறகு வைத்தால் இன்னும் நல்லது. வாசித்து முடித்ததும் உடனே நெறியாளர் எழுந்து 'இதிலிருந்து நாம் பெறுவது' என்று ஆரம்பிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சக்கரவாளக் கோட்டத்துப் பகுதியை வாசிக்க நான் தயார். மூலத்தையும் வாசிப்பேன், கடினமான இடங்களுக்கு எளிய உரைநடையும் எழுதித் தருகிறேன். நிரல் முடிவாகும் முன் சொன்னால் போதும். அந்தப் பெண்ணின் தொடர்பு உங்கள் பதிவேட்டில் இருக்கும். அவருக்கு முதலில் எழுதுங்கள், எனக்குப் பிறகு எழுதலாம்.

அன்புடன்,
பின்வரிசையில் இருந்த ஒரு வாசகன்